மூர் நிலத்தில் ஃபெல் பந்தயம்: முதல் முறை ஓட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே டார்க் பீக் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. மரமில்லை, வீடில்லை, ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாத இடம். குளிர்காலத்தில் அதன் குறுக்கே ஓடும் பந்தயங்களில் நான் சில ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறேன். பெரும்பாலும் கடைசிக் கால்வாசியில்தான் வருவேன். சாலையில் மாரத்தான் ஓடிப் பழகிய நண்பர்கள் இதைக் கேள்விப்பட்டு ஒரே மாதிரியான கேள்விகளை அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போனதால் மொத்தமாக இங்கே.

ஃபெல் என்றால் என்ன? மூர் என்றால் என்ன? இரண்டும் மலைதானே?

ஃபெல் என்பது வைக்கிங்குகள் வடக்கு இங்கிலாந்தில் விட்டுச்சென்ற சொல். வேலியில்லாத, ஆடு மேயும் குன்று என்று பொருள். ஆங்கிலத்தில் ‘விழுந்தான்’ என்பதற்கும் அதே எழுத்துகள்தான். பந்தயம் முடிந்தபின் அந்தப் பொருளும் பொருந்தும்.

மூர் என்பது குன்றின் உச்சியில் பரந்து கிடக்கும் மரமற்ற ஈர நிலம். அடியில் பீட் என்னும் கருமண். செடிகள் செத்து, நீரில் ஊறி, மக்க முடியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மேலே ஹெதர் புதரும், வெள்ளைப் பஞ்சு தலையில் சூடிய கோரையும், பாசியும். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்புக் கம்பளி விரித்ததுபோல் இருக்கும். கிட்டே போனால் கம்பளி முழுக்க ஓட்டை.

எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

நான் மனதில் வைத்திருப்பது வடக்கே மார்ஸ்டன் கிராமத்திலிருந்து தெற்கே ஈடேல் வரை போகும் கோடு. ஜனவரியில் நடக்கும் ட்ரிகர் பந்தயம் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவேதான் ஓடுகிறது, சுமார் 24 மைல். பென்னைன் வே என்னும் நெடும்பாதையின் தென்முனையும் ஏறக்குறைய இதே வழிதான்.

மார்ஸ்டனிலிருந்து வெஸன்டன் பள்ளத்தாக்கு வழியாக ஏறினால் பிளாக் ஹில், 582 மீட்டர். அங்கிருந்து லாடோ பாறைகளின் விளிம்பை ஒட்டி க்ரௌடனுக்கு இறக்கம். லாங்டென்டேல் பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கங்களைக் கடந்து மறுபடி ஏறினால் 633 மீட்டரில் பிளீக்லோ. அதைத் தாண்டி ஸ்நேக் பாஸ் சாலை. பிறகு ஃபெதர்பெட் மாஸ், மில் ஹில், கடைசியாக கிண்டர் ஸ்கௌட் மேட்டின் விளிம்பு. அதன் உச்சி 636 மீட்டர். ஜேக்கப்ஸ் லாடர் வழியாக ஈடேலுக்கு இறங்கினால் சூப் கிடைக்கும்.

636 மீட்டர்தானா? எங்கள் ஏற்காடே இதைவிட இரண்டு மடங்கு உயரமாயிற்றே!

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழர் இல்லை. ஏற்காடு உயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்காட்டில் வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்கலாம்.

ஃபெல் பந்தயத்துக்குப் புதியவர்கள் ஏற்றத்துக்குப் பயந்து படிக்கட்டாக ஏறிப் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள். ஏற்றத்தில் யாரும் தொலைவதில்லை. ஏற்றம் என்றால் மேலே போக வேண்டும், அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் நடக்கலாம், முன்னணி வீரர்களே நடக்கிறார்கள். தொல்லை தொடங்குவது ஏறி முடித்தபின். பிளீக்லோவின் மேல்பகுதி கிட்டத்தட்ட சமதரை. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே காட்சி. சரிவு இல்லாததால் கீழ் எது என்று காலுக்குத் தெரியாது. நனைந்து, பசித்து, வேகம் குறைந்த நேரத்தில் அங்கே போய்ச் சேருகிறோம். காற்றும் அங்கேதான் முழு பலத்தோடு அடிக்கும். ஆகவே இந்தப் பக்கத்தில் பாதிக்குமேல் அந்தச் சமதரையைப் பற்றித்தான் இருக்கும்.

பந்தய அட்டவணையில் ‘பிஎல்’, ‘ஏஎஸ்’ என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே?

1970இல் தொடங்கப்பட்ட ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷனின் வகைப்பாடு அது. முதல் எழுத்து ஏற்றம்: கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏறினால் ஏ, 25 என்றால் பி, 20 என்றால் சி. இரண்டாவது எழுத்து நீளம்: 20 கிலோமீட்டருக்கு மேல் எல், 10 முதல் 20 வரை எம், அதற்குக் கீழே எஸ். ஈடேல் ஸ்கைலைன் பந்தயம் சுமார் 21 மைல், 1,370 மீட்டர் ஏற்றம். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 40. ஆக பிஎல்.

இந்த எழுத்துகளைவிட முக்கியமானவை பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் ‘ஈஆர்’, ‘என்எஸ்’, ‘எல்கே’. முன் அனுபவம் வேண்டும், வழி கண்டறியும் திறமை வேண்டும், உள்ளூர்ப் பரிச்சயம் இருந்தால் நல்லது என்று அவற்றுக்கு அர்த்தம். முதல் பந்தயத்துக்கு இவை மூன்றும் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வழியெங்கும் அம்புக்குறி, கொடி, ரிப்பன் இருக்குமா?

இருக்காது. செக்பாயிண்ட்கள் எங்கே என்று சொல்வார்கள். நடுவில் எப்படிப் போகிறீர்கள் என்பது பொதுவாக உங்கள் பாடு. தனியார் நிலம், பறவைகள் கூடு கட்டும் இடம் ஆகியவற்றை மட்டும் ‘இங்கே கால் வைக்காதே’ என்று வரைபடத்தில் காட்டியிருப்பார்கள்.

முன்னால் ஓடுகிறவரைப் பின்தொடரலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். ஒரு ஜனவரியில் பிளீக்லோ மேலே நீலச் சட்டைக்காரர் ஒருவர் பின்னால் பதினைந்து நிமிடம் நம்பிக்கையோடு ஓடினேன். அவர் நின்று திரும்பிப் பார்த்து, “உங்களுக்கு வழி தெரியும் என்றல்லவா நினைத்தேன், பின்னாலேயே வருகிறீர்களே” என்றார். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். சரியான கோட்டுக்குத் திரும்ப ஐம்பது நிமிடம் ஆனது.

க்ரஃப், ஹேக், கிளாக் என்கிறார்களே, இவையெல்லாம் என்ன?

மழைநீர் பீட்டை அறுத்து உண்டாக்கிய வாய்க்கால் க்ரஃப். ஆள் உயரம் இருக்கும். இரண்டு ஆள் உயரம் இருப்பதும் உண்டு. இரண்டு க்ரஃபுகளுக்கு நடுவே அறுபடாமல் நிற்கும் மண் திட்டு ஹேக். கிளாக் என்பது தரையைத் தொட்டுக் கிடக்கும் மேகம்.

க்ரஃபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழி தவறுவதன் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. சரியான திசையில் வருகிறீர்கள். குறுக்கே ஒரு க்ரஃப். விளிம்பு செங்குத்து, நேரே இறங்க முடியாது. பத்தடி இடப்பக்கம் போய் இறங்குகிறீர்கள். உள்ளே வானம் மட்டும்தான் தெரியும். அடித்தரை மணலாக, ஓடுவதற்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் இன்னும் இருபதடி அதனோடேயே போவீர்கள். பிறகு மறுகரையில் சரிவான இடம் தேடி ஏறுவீர்கள். ஏறியதும் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதுதான் தெற்கு என்று மனம் சாதிக்கும். இப்படி ஒரு மைலுக்குள் முப்பது க்ரஃப் தாண்ட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் சில டிகிரி நழுவினால் போதும்.

இதற்குப் பரிகாரம் எளிது, செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். இறங்குவதற்குமுன் திசைகாட்டியைப் பார்த்து, மறுகரையில் நேர் எதிரே ஒரு கல்லையோ புல் குத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழியாக இறங்கினாலும் அந்தக் குத்தின் பக்கத்தில் போய்த்தான் ஏற வேண்டும். ஏறியதும் மறுபடி திசைகாட்டி.

கிளாக்கில் பத்தடிக்குமேல் தெரியவில்லை என்றால்?

முதலில் நில்லுங்கள். ஓடிக்கொண்டே வரைபடம் பார்ப்பது, தெரிந்தவர்கள் செய்யும் வித்தை.

திசையில் 5 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் போனபின் 87 மீட்டர் விலகியிருப்பீர்கள். கிளாக்கில் 87 மீட்டர் என்பது வேறு ஊர். அதனால் அனுபவசாலிகள் ஒரு புள்ளியைக் குறிவைக்க மாட்டார்கள், கோட்டைக் குறிவைப்பார்கள். ஓடை, சுவர், வேலி, சாலை. வேண்டுமென்றே அந்தப் புள்ளிக்குச் சற்று இடப்பக்கமாகக் குறிபார்த்துப் போனால், ஓடையை அடைந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் சந்தேகமே இராது. புள்ளியை நோக்கி நேரே போய் அதைக் காணாவிட்டால் இடமா வலமா என்று நின்று தவிக்க வேண்டியதுதான்.

தூரத்துக்குக் காலடி எண்ணுங்கள். 100 மீட்டருக்கு உங்கள் வலது கால் எத்தனை முறை விழுகிறது என்று வீட்டருகே சமதரையில் ஒரு முறை, புல் மேட்டில் ஒரு முறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது.

பிளீக்லோவிலிருந்து தெற்கே போகிறவருக்கு ஒரு ஆறுதல் உண்டு: எவ்வளவு பிசகினாலும் ஏறக்குறைய தெற்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்நேக் பாஸ் சாலை குறுக்கே வந்து மறிக்கும். கிழக்கே போய்விட்டால் அந்த ஆறுதல் இல்லை. ‘வழி தவறினால் ஓடையோடு இறங்கு’ என்று சொல்வார்கள். பிளீக்லோவில் இது அரைகுறை அறிவுரை. மேற்கே விழும் நீர் மெர்ஸி ஆற்றில் கலந்து ஐரிஷ் கடலுக்குப் போகிறது. அந்த ஓடைகளோடு இறங்கினால் சாலையும் வீடும் வரும். கிழக்கே விழும் நீர் டெர்வென்ட், ட்ரென்ட் வழியாக வடகடலுக்குப் போகிறது. அதோடு இறங்கினால் மேல் டெர்வென்ட் பள்ளத்தாக்கின் ஆளில்லாத மூலையில் போய் நிற்பீர்கள். எந்தக் கடலுக்குப் போகும் ஓடை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இதே பிளீக்லோவில் 1948 நவம்பர் 3 அன்று அமெரிக்க விமானப்படையின் பி-29 விமானம் ஒன்று மேகத்துக்குள் பறந்து வந்து மோதியது. 13 பேரும் இறந்தார்கள். ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் அருகே அதன் இயந்திரங்களும் அலுமினியத் தகடுகளும் இன்றும் கிடக்கின்றன. கிளாக்கில் அவை திடீரென்று முன்னால் எழும்போது ஓட்டம் தானாக நின்றுவிடும்.

கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

பல அமைப்பாளர்கள் அதை வைத்து வழி பார்க்கக் கூடாது என்பார்கள். அந்தந்தப் பந்தயத்தின் விதியைப் படித்துவிடுங்கள். அனுமதி இருந்தாலும் வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கும். ஈரத் திரை விரலுக்குக் கட்டுப்படாது. விரலே உங்களுக்குக் கட்டுப்படாத நேரமும் வரும்.

எனக்கு இதில் கொஞ்சம் பழமைவாதம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடிகாரத்தின் அம்பைப் பார்த்து ஓடி முடித்த பந்தயங்களில் எந்த இடமும் என் நினைவில் இல்லை.

மண் ஏன் இவ்வளவு கறுப்பு? ஏன் இவ்வளவு பள்ளம்?

மனிதன் செய்த வேலை. பீட்டை உண்டாக்குவதும் காப்பதும் ஸ்ஃபேக்னம் என்னும் பாசி. பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொழிற்புரட்சிக் காலத்தில் மான்செஸ்டர் பக்கத்து ஆலைகளின் நிலக்கரிப் புகை கந்தக அமிலமாக இந்த மேட்டில் இறங்கியது. பாசி செத்தது. மேலே தோல் இல்லாத பீட்டை மழையும் காற்றும் அறுத்தன. தீயும் மேய்ச்சலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. கோயம்புத்தூருக்கு ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பட்டம் கொடுத்துப் பெருமைப்படுகிறோம். அசல் மான்செஸ்டரின் பஞ்சாலைகள் தலைக்குமேல் இருந்த மேட்டுக்கு என்ன செய்தன என்பதைப் பிளாக் ஹில்லில் நின்று பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டும் என்றேனே தவிர, இப்போது பழைய அளவுக்கு இல்லை. 2003இலிருந்து மூர்ஸ் ஃபார் த ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு க்ரஃபுகளுக்குக் குறுக்கே சிறு அணைகள் கட்டி, புல் விதைத்து, பாசி நட்டு வருகிறது. ஒரு காலத்தில் வெறும் கருஞ்சேறாக இருந்த பிளாக் ஹில் உச்சி இன்று பச்சை. பென்னைன் வேயின் பல பகுதிகளில் கற்பலகை பதித்திருக்கிறார்கள். அவற்றில் பல, இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்கள். மூரைக் கெடுத்த ஆலையின் தரை இன்று மூரைக் காப்பாற்ற மேலே கிடக்கிறது. ஓடுகிறவருக்கு அது வரம், உறைபனி படிந்த காலை தவிர. அப்போது கல்லை விட்டு இறங்கிச் சேற்றோரமாக ஓடுவதே நல்லது, விழுந்தாலும் மெத்து.

சேற்றில் எங்கே கால் வைப்பது?

ஹெதர் வளர்ந்த இடம் ஓரளவு காய்ந்தது. பஞ்சுக்கோரை ஈரம், ஆனால் பெரும்பாலும் தாங்கும். கண்ணைப் பறிக்கும் இளம்பச்சைப் பாசி மெத்தை தெரிந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சுற்றிப் போங்கள், அடியில் தண்ணீர். மழைக்குப் பிந்தைய வெறும் கரும்பீட் முழங்கால்வரை, சில இடங்களில் தொடைவரை இழுக்கும். காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். ஒற்றைக் காலணியோடு ஓடி வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலணி ஆழமான ரப்பர் பற்களோடு, மெல்லிய அடிப்பாகத்தோடு, தண்ணீர் உள்ளே வந்தால் வெளியே போகிற மாதிரி இருக்க வேண்டும். நீர்புகாக் காலணி வாங்காதீர்கள். தண்ணீர் மேலே கணுக்கால் வழியாக வரும், வந்தபின் போகாது.

இரண்டு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ ஓடத்தானே போகிறோம்? ஒரு மூட்டை சாமான் எதற்கு?

பொதுவாகக் கட்டாயமாகக் கேட்பவை: தையல்கள் அடைக்கப்பட்ட, தொப்பி இணைந்த மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, குல்லாய், கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசர உணவு. குளிர்கால நீண்ட பந்தயங்களில் கூடுதல் கம்பளி மேல்சட்டை, தலைவிளக்கு, உடலை முழுதாக நுழைத்துக்கொள்ளும் பிவி பை ஆகியவற்றையும் கேட்பார்கள். தொடங்குமுன் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கெஞ்சிப் பயனில்லை, அனுப்புகிறவர் செய்வதே சரி.

ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கு இதோ. 100 மீட்டர் ஏற ஏற வெப்பம் சுமார் 0.65 டிகிரி குறையும். ஈடேலில் 8 டிகிரி என்றால் கிண்டர் மேலே 5க்குச் சற்று மேல். அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று, இங்கே அது சாதாரணக் காற்று, வீசினால் வெறும் தோலுக்கு அது ஏறக்குறைய பூஜ்யமாக உணரப்படும். இது காய்ந்த தோலுக்கான கணக்கு. நனைந்த சட்டைக்குள் இருக்கிறவருக்கு நிலைமை இன்னும் மோசம். ஓடும்வரை உடல் சூட்டைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கணுக்கால் பிசகி உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் பல் கிட்டும். அந்த மூட்டை நீங்கள் உட்காரும் நேரத்துக்கானது.

1964 மார்ச்சில் இதே மூரில் ஃபோர் இன்ஸ் என்னும் நெடுநடைப் போட்டியில் மூன்று சாரண இளைஞர்கள் குளிருக்கு இறந்தார்கள். இந்தப் பகுதியின் மீட்புக் குழுக்கள் ஒரே அமைப்பாக இணைந்தது அதற்குப் பின்தான். பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் வானிலை திடீரென்று மாறி 21 பேர் இறந்தார்கள். அங்கே காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில்தான் இருந்தது.

பருத்திச் சட்டை வேண்டாம். நம் வெயிலுக்கு அது தெய்வம். இங்கே நனைந்தால் ஈரத்துணிப் பத்து.

குளிர் எல்லை மீறுகிறது என்று எப்படித் தெரியும்?

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. கை நடுக்கம், தடுக்கி விழுதல், நாக்குழறல், காரணமில்லாத எரிச்சல் என்று வரும். நடுக்கம் நின்றால் நல்லதல்ல, மோசமான கட்டம். இதில் கொடுமை என்னவென்றால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது; ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். அதனால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் அவ்வப்போது பேச்சுக் கொடுங்கள். ‘அடுத்த செக்பாயிண்ட் எது’ என்று கேளுங்கள். பதில் உளறலாக வந்தால் இருவருக்கும் பந்தயம் முடிந்தது. காயம்பட்டவரை விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பது விதி. இதுவரை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

மழைச்சட்டையை எப்போது போடுவது என்று கேட்பார்கள். குளிர்வதற்கு முன். பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறுமுன்பே போட்டுவிடுங்கள். உச்சியில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, விறைத்த விரலால் ஜிப்பை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முடியாமல் போனால் பாதியில் விலகி வீட்டுக்குப் போய்விடலாமா?

விலகலாம். வீட்டுக்குப் போகக் கூடாது. செக்பாயிண்டில் இருப்பவரிடம் உங்கள் பந்தய எண்ணைச் சொல்லி, முடியும் இடத்துக்கும் தகவல் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்தபின்தான் காரில் ஏற வேண்டும். புறப்பட்டவர் எண்ணிக்கையும் வந்து சேர்ந்தவர் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்றால் இரவு முழுக்கத் தேடுவார்கள்.

ஒரு முறை ஐம்பது பேர் கொண்ட மீட்புக் குழு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், ‘காணாமல் போனவர்’ மதுக்கடையில் இரண்டாவது கோப்பையில் இருந்தது தெரியவந்தது. அந்த மாலை அவரிடம் யாரும் பேசவில்லை. பதிவு செய்துவிட்டு வராமலே இருப்பவர்களும் இதே தலைவலியைத்தான் கொடுக்கிறார்கள். எண்ணை வாங்கிக்கொண்டு ஓடாமல் போவது இன்னும் மோசம்.

நேர வரம்புக்குள் ஒரு செக்பாயிண்டுக்கு வராவிட்டால் மார்ஷல் நிறுத்திவிடுவார். வாதாடாதீர்கள். ஜனவரி நடுவில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைகிறது.

விபத்து என்றால் யாரை அழைப்பது? செலவு எவ்வளவு?

999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், கட்டணம் கிடையாது. அதனால்தான் பல பந்தயங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுக்கின்றன. பேச சிக்னல் போதாத இடத்தில் 999க்குக் குறுஞ்செய்தி போகக்கூடும், ஆனால் உங்கள் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே அந்தக் குறுஞ்செய்திச் சேவையில் பதிந்திருக்க வேண்டும். வீட்டிலிருக்கும்போதே செய்துவிடுங்கள்.

விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. மூன்று ஊதல் பதிலாக வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டுவிட்டார்களே என்று நிறுத்திவிடாமல் அவர்கள் கண்ணில் படும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.

என்ன சாப்பிடுவது?

வாய்க்குப் பழகியது எதுவானாலும். குளிரில் சாக்லேட் கல்லாகிவிடும். கடலை மிட்டாய் எப்போதுமே கல்தான், அதனால் ஏமாற்றமில்லை. நான் அதைத்தான் எடுத்துப்போகிறேன், சிறு துண்டாக முன்பே உடைத்து. பசி தெரிவதற்கு முன் அரை மணிக்கு ஒரு முறை.

பந்தயத்துக்கு முன்பே போய் ஓடிப் பார்க்கலாமா? அனுமதி வேண்டுமா?

போய்ப் பார்ப்பதுதான் ஆகச் சிறந்த பயிற்சி. ‘ரெக்கி’ என்பார்கள். நல்ல வெயிலில் ஒரு முறை, கெட்ட வானிலையில் துணையோடு ஒரு முறை.

தனியாள் நடக்கவோ ஓடவோ அனுமதி வேண்டாம், அந்த உரிமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த மூர்கள் கிரௌஸ் என்னும் பறவையைச் சுட்டு விளையாடும் பிரபுக்களின் தனிச் சொத்தாக, காவல்காரர்களோடு இருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள், ஹேஃபீல்டிலிருந்து கிளம்பி வேண்டுமென்றே கிண்டர் மேட்டில் அத்துமீறி நுழைந்தார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். பென்னைன் வே திறக்கப்பட்டதும் ஒரு ஏப்ரல் 24தான், 1965இல். பாதையை விட்டு விலகித் திறந்த மூரில் எங்கும் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது.

பந்தயம் நடத்துவது வேறு விஷயம். அதற்கு நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அமைப்பாளர்கள் மாதக்கணக்கில் அதற்காக அலைகிறார்கள். நாம் ஒரு சுவரை இடித்தாலும் ஒரு கேட்டைத் திறந்து போட்டாலும் அடுத்த ஆண்டுப் பந்தயம் போய்விடும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். கர்லூவும் கோல்டன் ப்ளோவரும் காலடியிலேயே முட்டையிட்டிருக்கும். நாயை அப்போது குட்டைக் கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். சில மூர்களில் நாயே கூடாது.

நெருப்பு எந்தக் காலத்திலும் வேண்டாம். காய்ந்த பீட் அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். 2018 ஜூனில் சாடில்வொர்த் மூர் எரிந்தபோது ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று.

சாலையைக் கடக்கும் இடத்தில் போக்குவரத்தை நிறுத்துவார்களா?

மாட்டார்கள். ஸ்நேக் பாஸில் வண்டிகள் பறக்கும். மூன்று மணி நேரம் ஆளரவமற்ற இடத்தில் ஓடிவந்தவர் காதும் மூளையும் மந்தமாக இருக்கும். நின்று, இரு பக்கமும் பார்த்து, நடந்து கடக்கவும்.

பரிசு என்ன?

முதலில் வருகிறவருக்கு ஒரு பாட்டில் ஒயின். எல்லோருக்கும் கிராம மண்டபத்தில் சூப்பும், யாரோ வீட்டில் செய்த கேக்கும். சாலை மாரத்தானின் நுழைவுக் கட்டணத்தில் நான்கைந்து சிறிய ஃபெல் பந்தயம் ஓடிவிடலாம். பதக்கம் பெரும்பாலும் கிடையாது.

கால் நகங்களில் கறுப்பு ஏறியிருக்கிறது. அடிபட்டதா, பீட்டா?

அழுத்தினால் வலித்தால் அடி. வலிக்காவிட்டால் பீட். சோப்புக்கு அசையாது, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பாதி போகும், மீதி நகம் வளர வளரத்தான். உள்ளாடை, துண்டு, காலுறை எல்லாவற்றையும் முதலில் வெளிக்குழாயில் அலசிவிட்டு இயந்திரத்தில் போடுங்கள். எங்கள் வீட்டு இயந்திரம் ஒரு பிப்ரவரியில் அடைத்துக்கொண்டது. பழுதுபார்க்க வந்தவர் வடிகட்டியைக் கழற்றி ஒரு பிடி கருமண்ணை எடுத்து வைத்துவிட்டு, தோட்டத்துக்கு ஆகும் என்றார்.